கொழும்பில் நாலு நாள்: எந்தக் கடைக்கு எத்தனை மணிக்கு

கேள்வி சுருக்கமாக இது: டொரொண்டோவில் இருந்து கணவனும் மனைவியும் வியாழன் முதல் ஞாயிறு வரை கொழும்பில் நிற்கிறார்கள். இங்கே குடியிருப்பவர்கள் போகிற புடவைக்கடை, கைவினைக் கடை, சாப்பாட்டுக் கடை, பார்க்கத்தக்க இடம் எவை? மால் வேண்டாம். நடக்கத் தயார். இருவரில் ஒருவர் சைவம்.

இடங்களின் பெயரை யாரும் சொல்லிவிடுவார்கள். கொழும்பில் பெரும்பாலானவர்கள் தவறவிடுவது நேரத்தை. பத்து மணிக்குப் புறக்கோட்டை ஒரு ஊர், இரண்டு மணிக்கு அது வேறு ஊர். கடற்கரைக்கு நண்பகலில் போனால் வெயில்தான் மிஞ்சும். சோறும் கறியும் நல்ல கடைகளில் மதியம் இரண்டுக்குப் பிறகு அடிச்சட்டிக்கு வந்துவிடும். ஆகவே கீழே ஒவ்வொரு இடத்தோடும் அதன் நேரத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் தங்குமிடம். கொழும்பு 1 கோட்டை, 2 கொம்பனித்தெரு, 3 கொள்ளுப்பிட்டி, 4 பம்பலப்பிட்டி, 6 வெள்ளவத்தை, 7 கறுவாத்தோட்டம், 11 புறக்கோட்டை, 13 கொட்டாஞ்சேனை. நீங்கள் 4இல் அல்லது 6இல் அறை எடுங்கள். காலி வீதி, மரைன் டிரைவ், கரையோர ரயில் பாதை மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் தெற்கு வடக்காக ஓடுகின்றன. காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்கள் விடாமல் வரும். இரண்டும் புறக்கோட்டைக்குப் போகும். ஓட்டோவுக்கு பிக்மீ அல்லது ஊபர் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். கோட்டை ரயில் நிலைய வாசலில் மறித்துக் கேட்கும் ஓட்டோவில் ஏறவேண்டாம். பஸ்ஸுக்குச் சில்லறைத் தாள்கள் கையில் இருக்கட்டும். பெரிய தாளை நீட்டினால் மிச்சக் காசு இறங்குகிற நேரம் வரை கொண்டக்டரின் கையிலேயே நிற்கும்.

காலைச் சாப்பாடு வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்தில்தான். காலி வீதியில் பம்பலப்பிட்டி சரஸ்வதி லொட்ஜ், ஷ்ரப்பரி கார்டன்ஸில் கிறீன்லண்ட்ஸ், வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதிப் பக்கம் சண்முகாஸ். முதல் இரண்டும் பழைய பாணிச் சைவக் கடைகள். மேசை விரிப்பை எதிர்பார்க்காமல் போனால் வயிறும் மனமும் நிறையும். சண்முகாஸ் குடும்பத்தோடு ஆறுதலாக இருந்து சாப்பிட ஏற்றது. ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் போங்கள். உழுந்து வடை அந்த நேரத்தில்தான் எண்ணெயில் இருந்து நேரே தட்டுக்கு வரும். ஒன்பதுக்குப் பிறகு கிடைப்பது கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறிப்போன வடை. இடியப்பம் கேட்கும்போது சிவப்பு அரிசி மாவா, கோதுமை மாவா என்று கேட்டு வாங்குங்கள். கோதுமை மா இடியப்பம் வெள்ளையாக மெத்தென்று இருக்கும், ஆனால் சொதியை ஊற்றியதும் குழைந்துவிடும். சிவப்பரிசி இடியப்பம் சொதியை உறிஞ்சியும் இழை பிரிந்தே நிற்கும்.

சைவம் சாப்பிடுகிறவருக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. அசைவமும் சமைக்கும் கடைகளில் தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், சில மரக்கறிகள் எல்லாவற்றிலும் மாசிக் கருவாடு போடும் வழக்கம் உண்டு. பார்த்தால் தெரியாது, இடித்துத் தூளாகத்தான் சேர்ப்பார்கள். “மரக்கறிதானே?” என்று கேட்டால் “ஓம்” என்றே பதில் வரும், ஏனென்றால் கறி மரக்கறிதான். “மாசி போட்டதா?” என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அதேபோல் பேக்கரியில் பற்றிஸ், கட்லற், ரோல்ஸ் என்று ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். சாப்பிட்டதை மட்டும் எண்ணிக் காசு எடுப்பார்கள், மிச்சத்தைத் திரும்ப எடுத்துப் போவார்கள். மீன் பற்றிஸும் மரக்கறிப் பற்றிஸும் வெளியே ஒரே உருவம். கடிப்பதற்கு முன் கேளுங்கள்.

புறக்கோட்டையை வியாழன் அல்லது சனி காலைக்கு வையுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம், பன்னிரண்டில் இருந்து இரண்டு வரை, பாதிக்கு மேற்பட்ட கடைகள் பூட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் திறப்பதில்லை. நடைபாதை வியாபாரம்தான் நடக்கும். ஒன்பதரைக்குக் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால், கான் மணிக்கூட்டுக் கோபுரத்தில் இருந்து பிரதான வீதி தொடங்குகிறது. பார்சி சமூகத்தைச் சேர்ந்த கான் குடும்பத்தார் தங்கள் தந்தையின் நினைவாக 1923இல் கட்டியது அது. அங்கிருந்து குறுக்குத் தெருக்கள் வரிசையாக இடது பக்கமும் வலது பக்கமும் பிரியும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு சரக்கு. முதலாம் குறுக்குத் தெருவில் மின்சார, மின்னணுச் சாமான். இரண்டாம் குறுக்குத் தெருவில் துணி, அலங்காரப் பொருள். கெய்சர் வீதியில் தையலுக்கு வேண்டிய லேஸ், பொத்தான், நூல், திரைச்சீலைத் துணி. நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயம், செத்தல் மிளகாய், பருப்பு, மசாலா மூட்டைகள். கபோஸ் லேனில் நாட்டு மருந்துச் சரக்கு. அந்தச் சந்துக்குள் கால் வைத்ததும் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

தெருவின் நடுவே நடக்காதீர்கள். நாட்டாமைமார் (சுமை தூக்கும் தொழிலாளர்) மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியோடு வருவார்கள். அந்தப் பாரத்தைச் சட்டென்று நிறுத்த முடியாது, குரல் கொடுத்தால் ஒதுங்குவது நம் வேலை. பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். விலை பேசுவது நடைபாதைக் கடையில் சரி, பல தலைமுறையாக நிற்கும் மொத்தக் கடையில் சொன்ன விலைதான். அங்கே விலையைக் குறைக்கும் வழி அளவைக் கூட்டுவது: லேஸை யார் (கஜம்) கணக்கில் கேட்காமல் முழு உருளையாக எடுத்தால் விலை தானாக இறங்கும்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையும் கோடிட்டு நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலை எல்லோரும் படம் எடுப்பார்கள். 1908இல் தொடங்கி 1909இல் முடித்த கட்டடம். சம்மாங்கோட்டார் பள்ளி என்பதுதான் இந்தத் தெருவில் புழங்கும் பெயர். தமிழ்நாட்டில் இருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகளின் தொடர்பு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. தெரு ஒடுக்கம் என்பதால் வாசலில் நின்று எடுத்தால் பாதிக் கட்டடம்தான் படத்தில் விழும். எதிர்ப்பக்கம் சில கடைகள் தள்ளி நின்று சரிவாக எடுங்கள். தொழுகை நேரம் தவிர்த்துப் போனால் உள்ளேயும் பார்க்க விடுவார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், பெண்களுக்குத் தலையை மூடத் துணி.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் செட்டியார் தெரு. நகைக்கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கும் தெரு. இங்கே தங்கம் பவுண் கணக்கில்தான் பேசப்படும், ஒரு பவுண் 8 கிராம். பெரும்பாலான நகை 22 கரட். நகை வாங்க எண்ணம் இருந்தால் அன்றைய பவுண் விலையை முதலில் இரண்டு கடையில் கேட்டுக்கொண்டு, பிறகு செய்கூலி, சேதாரம் இரண்டையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கல் பதித்த நகையில் ஏமாற்றம் வருவது நிறையில்தான்: கல்லையும் அரக்கையும் சேர்த்து நிறுத்து எல்லாவற்றுக்கும் தங்க விலை போட்டுவிடுவார்கள். கல் நீக்கிய தங்க நிறை எவ்வளவு என்று பில்லில் இருக்க வேண்டும். கரட் அளவும் அதே பில்லில் வேண்டும். நீலக்கல், வைடூரியம் போன்ற தனிக் கல் வாங்கினால் கொழும்பு 3இல் உள்ள தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையில் காட்டிப் பரிசோதிக்கலாம். “என் நண்பனின் கடை” என்று ஓட்டோக்காரர் கூட்டிப் போகிற இடத்தில் அவருடைய கமிஷனும் விலைக்குள் இருக்கும்.

அதே தெருவில் பழைய கதிரேசன், புதிய கதிரேசன் கோவில்கள். ஆடிவேல் விழாவுக்குத் தேர் புறப்படுவது இங்கிருந்துதான். மதியம் நடை சாத்துவார்கள், ஆகவே பதினொன்றரைக்கு முன் போய்விடுங்கள். பூபாலசிங்கம் புத்தகசாலையும் செட்டியார் தெருவில் இருக்கிறது. வெள்ளவத்தை காலி வீதியிலும் அவர்களுடைய கடை உண்டு. ஈழத்து, மலையக எழுத்தாளர்களின் நூல்கள், இங்கே வெளியாகும் சிற்றிதழ்கள் டொரொண்டோவில் கைக்கு எட்டுவது கடினம், பாரத்துக்கு இடம் வைத்துக்கொண்டு வாருங்கள். பீப்பிள்ஸ் பார்க் கட்டடத்துக்குள் சேமமடு பொத்தகசாலையும் பார்க்கத் தக்கது. பழைய புத்தகம் கிண்டிப் பார்க்கப் பிடிக்கும் என்றால் மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக உள்ளன.

கால் இன்னும் ஒத்துழைத்தால் மேட்டில் ஏறி வொல்பெண்டால் தேவாலயம் போங்கள். ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் திறந்த சிலுவை வடிவக் கட்டடம். கோட்டைக்குள் இருந்த பழைய கோவிலில் இருந்து கொண்டுவந்த ஒல்லாந்த ஆளுநர்களின் கல்லறைக் கற்கள் உள்ளே தரையில் பதிந்திருக்கின்றன; எழுத்தும் குடும்ப முத்திரையும் இன்னும் கூர்மையாகத் தெரியும். அங்கிருந்து கொச்சிக்கடைக்கு இறங்கினால் புனித அந்தோனியார் திருத்தலம். எல்லா மதத்தவரும் வந்து மெழுகுதிரி ஏற்றும் இடம். செவ்வாய்க்கிழமை கூட்டம் அலைமோதும், உங்கள் நாட்களில் அந்தச் சிக்கல் இல்லை. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பில் பாதிக்கப்பட்டுத் திருத்தியமைக்கப்பட்ட கோவில் என்பதால் பைகளைச் சோதிப்பார்கள், பெரிய பை கொண்டு போகாதீர்கள்.

அந்தோனியார் கோவிலுக்குக் கிட்ட இருக்கும் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை வெளியூர்க்காரர் பலர் தவறவிடுகிறார்கள். கொழும்பில் ஒரே ஒரு கோவில்தான் பார்க்க நேரம் உண்டு என்றால் என் தெரிவு இதுதான். சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லில் திருப்பிக் கட்டுவித்தது. வெளியே துறைமுக லொறிகளின் இரைச்சல், உள்ளே கல்மண்டபத்தின் குளிர்ச்சி. தூணில் கை வைத்தால் உளி போன தடம் தெரியும். சுதைச் சிற்பமும் வர்ணமும் நிறைந்த கோவில்களையே கொழும்பில் அதிகம் பார்க்கிறோம், இங்கே கல் மட்டும்தான். ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும். பிற்பகல் நாலரைக்கு மேல் திரும்பவும் நடை திறந்தபின் போவது நல்லது.

இனி உடையும் வீட்டு அலங்காரமும். கொழும்பின் நாகரிகம் கைத்தறியில்தான் இருக்கிறது. கொள்ளுப்பிட்டி காலி வீதியில் பெயர்ஃபூட்: பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கியது. அவர் ஓவியர், கண்ணைப் பறிக்கும் மஞ்சள், குங்குமச் சிவப்பு, கடல் நீலம் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு நெய்யச் சொன்ன துணிச்சல் அவருடையது. முன்வாசலைப் பார்த்துச் சிறிய கடை என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள். உள்ளே போகப் போகத் துணிக்கூடம், விளையாட்டுப் பொம்மை, புத்தகப் பகுதி, படக்கூடம், கடைசியில் மரநிழலில் முற்றத்து உணவகம் என்று நீளும். சாரம் (லுங்கி), மேசை விரிப்பு, தலையணை உறை ஆகியவைதான் அங்கே விலைக்கு ஏற்ற பொருள்கள். தைத்த உடைகள் அளவில் தாராளமாக இருக்கும், போட்டுப் பார்க்காமல் வாங்கவேண்டாம்.

கைத்தறி என்று சொல்லி விசைத்தறித் துணியை விற்கும் இடங்களும் ஊரில் உண்டு. கண்டுபிடிக்க ஓரக்கரையைப் பாருங்கள். கைத்தறியில் ஊடுநூல் ஒவ்வொரு முறையும் கரையில் திரும்பி உள்ளே போகும். கரை மூடியிருக்கும், ஆனால் அரை மில்லிமீற்றர் அளவுக்கு உள்ளும் வெளியும் அசைந்து செல்லும். விசைத்தறித் துணியில் பெரும்பாலும் கரையில் நூல் வெட்டப்பட்டு ஒரே அளவில் மயிர் நீட்டிக்கொண்டு நிற்கும். துணியை வெளிச்சத்துக்குப் பிடித்தால் கைத்தறியில் இழை அடர்த்தி சில இடங்களில் கூடிக் குறையும். நூலுக்கே சாயம் போட்டு நெய்வதால் இரண்டு பக்கமும் ஒரே நிறம். கடும் சிவப்பும் கருநீலமும் முதல் இரண்டு மூன்று சலவையில் சாயம் விடலாம்: தனியாக, குளிர்ந்த நீரில், ஊறவைக்காமல் அலசி, நிழலில் காயப்போடுங்கள். ஊறவைத்தால்தான் ஒரு கோட்டின் நிறம் அடுத்த கோட்டில் ஏறுகிறது.

பற்றிக் வாங்கினாலும் இதே கவனம். மெழுகு பூசிச் சாயத்தில் தோய்த்த துணியில் வடிவம் பின்பக்கமும் ஏறக்குறைய அதே அழுத்தத்தில் தெரியும், மெழுகு வெடித்த இடங்களில் மயிரிழை போல் கோடுகள் ஓடும். அந்தக் கோடுகள் ஒரே மாதிரி மீண்டும் மீண்டும் வந்தால் அது அச்சு. நியாய வணிக முறையில் கைத்தறி செய்யும் செலின், அரசாங்கத்தின் லக்சல ஆகியவற்றையும் பாருங்கள். லக்சலவில் தெரிவு பெரிது, தரம் மேலும் கீழுமாக இருக்கும். தும்பறைப் பாய், பித்தளை விளக்கு, முகமூடி என்று ஒரே கூரையின் கீழ் விலை ஒப்பிட அது உதவும். தர்மபால மாவத்தையில் பழைய மாளிகை ஒன்றில் இருக்கும் பரடைஸ் ரோட் வீட்டுச் சாமானுக்கு: கறுப்பு வெள்ளைக் கோடிட்ட பீங்கான், சிங்கள எழுத்து அச்சிட்ட பாத்திரம், மெழுகுதிரித் தாங்கி. பீங்கானைப் பயணத்துக்கு என்று சொன்னால் பொதி கட்டித் தருவார்கள், ஆனாலும் கைப்பையில் கொண்டுபோவதே பாதுகாப்பு.

வெள்ளவத்தைப் புடவைக் கடைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. காஞ்சிபுரம், பெங்களூர் சரக்கே அங்கே பெரும்பகுதி. கலியாணத்துக்கு அவசரம் இருந்தாலொழிய உங்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் கிடைக்காது. உடன் தையல் வேலைக்கு மட்டும் அந்தத் தெருவை விடச் சிறந்த இடம் இல்லை. வியாழக்கிழமை ரவிக்கை கொடுத்தால் சனிக்கிழமை தரக்கூடியவர்கள் உண்டு, அளவு ரவிக்கை ஒன்றை ஊரில் இருந்து கொண்டு வந்தால்.

கட்டடக்கலையில் விருப்பம் இருந்தால் இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவை விட்டுவிட முடியாது. பகதலை வீதியில் 33ஆம் ஒழுங்கை, 11ஆம் இலக்கம்: அவருடைய சொந்த வீடு. 1958 தொடக்கம் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிய நாலு சிறு வீடுகளை இணைத்து ஒரே வீடாக்கினார். வெளிச்சம் மேலிருந்து விழும் சிறு முற்றங்களும், நீண்ட வெள்ளை நடையும், அடுத்த திருப்பத்தில் என்ன வரும் என்று தெரியாமல் நடக்கவைக்கும் திட்டமும் படத்தில் பிடிபடாது. வழிகாட்டியோடு மட்டுமே பார்க்கலாம், முன்பதிவு கட்டாயம், ஊரில் இருந்து புறப்படுமுன்பே செய்துவிடுங்கள். அதன் பிறகு நடந்துபோகும் தூரத்தில், அல்பிரட் ஹவுஸ் வீதியில், கலரி கஃபே. பாவாவின் அலுவலகமாக இருந்த கட்டடம். அங்கே முழுச் சாப்பாட்டை விட, பிற்பகல் மூன்றரைக்கு முற்றத்தில் இருந்து ஒரு கேக்கும் கோப்பியும் எடுப்பதுதான் சரியான பயன்பாடு. அந்த நேரத்தில் கூட்டம் குறைவு, குளத்தில் வெளிச்சம் சாய்ந்து விழும். பேரவாவியில் மிதப்பது போல் நிற்கும் சீமா மாலகவும் அவருடைய வடிவமைப்புத்தான். கங்காராம விகாரையின் பகுதி. மாலை ஐந்துக்கு மேல் போங்கள், பகலில் தளம் வெறுங்காலைச் சுடும்.

தேசிய நூதனசாலைக்கு ஒரு முழுக் காலை ஒதுக்குங்கள், ஒன்பதுக்கே போய்விடுங்கள். 1877இல் திறந்த வெள்ளைக் கட்டடம். தமிழருக்கு அங்கே இரண்டு காரணங்கள். ஒன்று, காலியில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டைச் சொல்வது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேவந்துறைக் கோவிலின் தெய்வமான தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கும் காணிக்கை சொல்கிறது. தமிழ் எழுத்து தேய்ந்திருக்கிறது. நேரே நின்று பார்க்காமல் பக்கவாட்டில் நின்று பார்த்தால் கீறல்கள் நிழலில் தெளியும். மற்றது பொலன்னறுவைச் சிவன் கோவில்களில் கிடைத்த வெண்கலங்கள்: நடராசர், சுந்தரர், காரைக்கால் அம்மையார். அம்மையாரின் எலும்பு துருத்திய உருவத்தின் முன் நின்று நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், கையில் தாளம் இருக்கும். வெளியே வந்தால் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை, எல்லோரும் சொல்லும் பெயர் கிறீன் பாத். நடைபாதையில் ஓவியர்கள் படங்களைச் சாய்த்து வைத்து விற்பார்கள். யானை, தேயிலைத் தோட்டம் போன்றவை ஒரே மாதிரி மொத்தமாக வரையப்படுபவை. கேட்டால் அடுக்கின் பின்னால் இருந்து அவரவர் சொந்த வேலையை எடுத்துக் காட்டுவார்கள். சட்டகம் இல்லாமல் சுருட்டித் தரச் சொல்லுங்கள், படம் உள்பக்கமாக இல்லாமல் வெளிப்பக்கமாக இருக்கும்படி சுருட்டினால் வர்ணம் வெடிக்காது.

மதியச் சாப்பாடு. யாழ்ப்பாணச் சமையலுக்கு வெள்ளவத்தை மரைன் டிரைவில் யாழ் உணவகம். சற்று ஒழுங்கான இடம் வேண்டுமென்றால் கொள்ளுப்பிட்டி ரேணுகா ஹோட்டலின் பல்மைரா. நண்டுக்கறி வாங்கினால் வறுத்த யாழ்ப்பாணக் கறித்தூளின் நிறமும், இறக்கும்போது போட்ட முருங்கையிலையின் மணமும் இருக்க வேண்டும். ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மாவில் காய்ச்சும் கூழ் எந்த நேரமும் இராது, முதல் நாளே கேட்டு வையுங்கள். சிங்களச் சமையலுக்கு நகர மண்டபத்துக்குக் கிட்ட உபாலீஸ். பன்னிரண்டேகாலுக்கே போனால் காத்திருக்க வேண்டாம். மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப் பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில், 2011 முதல். நண்டு அரைக் கிலோவில் இருந்து இரண்டு கிலோ வரை நிறைக்கு ஏற்ற விலை. இருவருக்கு ஒரு நடுத்தர நண்டு, மிளகு அல்லது பூண்டு மிளகாய், குழம்பைத் துடைக்கப் பாண். அதற்கு மேல் தேவைப்படாது. உங்கள் வீட்டில் ஒருவர் சைவம் என்பதால் அந்தச் செலவு நியாயமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். மருதானை புஹாரியில் புரியாணி, பன்னிரண்டரைக்கு. பெரிய உணவகங்களில் விலைப்பட்டியலின் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்: 10 சதவீத சேவைக் கட்டணமும் 18 சதவீத வரியும் சேர்ந்தால் பில் ஏறக்குறைய 30 சதவீதம் ஏறிவிடும்.

லம்ப்ரைஸ் கொழும்பில் வந்து சாப்பிட வேண்டிய பொதி. ஐரோப்பிய வழிவந்த பறங்கியரின் சமையல். தும்முல்லைக்குக் கிட்ட ரீட் அவனியூவில் டச்சு பேர்கர் யூனியனிலும், காலி வீதி கிறீன் கேபினிலும் கிடைக்கும். இறைச்சி அவித்த நீரில் சமைத்த சோறு, இரண்டு மூன்று வகை இறைச்சி சேர்ந்த கறி, கத்தரிக்காய் மோஜு, சாம்பல் வாழைக்காய்க் கறி, சீனிச் சம்பல், உலர்ந்த இறால் இடித்த பிளாச்சான், இரண்டு ஃப்ரிக்கடெல் இறைச்சி உருண்டை. எல்லாம் வாட்டிய வாழையிலையில் கட்டி மீண்டும் ஓவனில் வேகும். அந்த இரண்டாவது வேக்காட்டில்தான் இலையின் எண்ணெய் மணம் சோற்றில் இறங்குகிறது. அவித்த முட்டை வைத்து, சூடான சோற்றை இலையில் சுற்றி மட்டும் கொடுப்பது வேறு சாப்பாடு. பொதியைப் பிரிக்கும்போது இலை பச்சையாக இருந்தால் அது ஓவனைக் காணவில்லை. பழுத்த தவிட்டு நிறத்தில், மடிப்பில் கருகியிருக்க வேண்டும்.

கொத்துரொட்டி இரவு எட்டுக்குப் பிறகு. காலி வீதியில் பிலாவூஸ் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கடைகள் உண்டு, பெயர்ப்பலகையை விடத் தட்டின் முன் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து நுழையுங்கள். சைவக்காரர் கவனிக்க: அதே தட்டில்தான் இறைச்சியும் கொத்துவார்கள். அவருக்குச் சைவக் கடைக் கொத்தே சரி.

கறுவாவும் தேயிலையும் வாங்காமல் யாரும் போவதில்லை. கறுவாவில் அல்பா என்பது உயர்ந்த தரம்: குழல் 6 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பிராது. அதற்கு அடுத்து சி5, சி4. வெட்டுமுகத்தைப் பாருங்கள், சுருட்டுப் போல் உள்ளே பல மெல்லிய தாள் அடுக்கு இருக்கும், நகத்தால் அழுத்தினால் நொறுங்கும். தடித்த ஒரே பட்டை ஒருபக்கமாகச் சுருண்டிருந்தால் அது கசியா என்ற வேறு பட்டை. வீட்டுச் சமையலுக்கு சி4 போதும், அல்பா பரிசு கொடுக்க. தேயிலைப் பெட்டியில் சிங்கச் சின்னம் இருக்கிறதா பாருங்கள், இலங்கைத் தேயிலை மட்டும், இலங்கையிலேயே பொதி செய்தது என்பதற்கு அது அடையாளம். பாலோடு குடிப்பவருக்குத் திம்புலை அல்லது ருகுணை பிஓபிஎஃப் (நொறுங்கிய சிறு இலைத் தரம்), வெறும் தேத்தண்ணிக்கு நுவரெலியா ஓபி (நீள இலைத் தரம்). இரண்டையும் மாற்றி வாங்கினால் நுவரெலியாவின் மென்மணம் பாலுக்குள் காணாமல் போகும்.

மாலை காலிமுகத்திடல். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் அமைத்த வெளி. தெற்கு முனையில் 1864இல் தொடங்கிய கோல்ஃபேஸ் ஹோட்டல். ஐந்தரைக்கு வாருங்கள். இறால் வடை வாங்கும்போது முன்பே பொரித்து அடுக்கியதை வேண்டாம் என்று சொல்லி, புதிதாகப் பொரிக்கச் சொன்னால் மறுக்கமாட்டார்கள். ஒரு எச்சரிக்கை: நல்ல ஆங்கிலத்திலோ தமிழிலோ கதை தொடங்கி, “இன்றைக்கு மட்டும் கோவிலில் யானை ஊர்வலம்” என்று ஓட்டோவில் ஏற்றப் பார்ப்பவர் யாராக இருந்தாலும் நன்றி சொல்லி நடந்துவிடுங்கள். அந்த ஊர்வலம் மாணிக்கக் கடையில் போய் முடியும்.

உங்கள் நாட்களுக்குள் போயா (பௌர்ணமி விடுமுறை) வந்தால் மது விற்பனை கிடையாது, இறைச்சிக் கடையும் பல வியாபார நிலையங்களும் மூடும். நாட்காட்டியைப் பார்த்து, கடைவீதி வேலையை வேறு நாளுக்கு மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு மிஞ்சுவது கடற்கரை ரயில். கோட்டையில் ஏறிக் கல்கிசைக்குப் போங்கள், தெற்கே போகும்போது வலது பக்க யன்னலில் கடல். வார நாளில் மாலை நாலரைக்குப் பிறகு அலுவலகக் கூட்டத்தில் மூச்சுவிட இடமிராது, ஞாயிறு மாலை அவ்வளவு மோசமில்லை. மே தொடக்கம் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், கல்கிசையில் இழுவை நீரோட்டம் பலமானது. சிவப்புக் கொடி நட்டிருந்தால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். திரும்பி வரும் ரயிலின் நேரத்தை இறங்கிய உடனேயே நிலையப் பலகையில் பார்த்து வையுங்கள், ஞாயிறு அட்டவணையில் ரயில் குறைவு. தவறினால் காலி வீதிக்கு ஏறி வந்து 100 அல்லது 101ஐப் பிடிக்கலாம், வெள்ளவத்தை வழியில்தான்.